வயதில் சிறியவர் முதலில்

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே முதல் மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், எண்பத்தேழு நிமிடம் ஓடும் ஒரு படம் திரையிடப்பட்டது. பார்க்க வந்தவர்கள் பதின்மூன்று பேர்.

அந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தி வாலு. வயது பதினாறு. படத்தை எடுத்தவர் அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி. வாலு என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அவளுடைய சேட்டையெல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

படம் ஓடத் தொடங்கும் முன்பே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படம் முடிந்ததும் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதுதான் காரணம்.

அங்கே படம் பார்க்கக் கூடும் குழுவின் வழக்கம் அப்படி. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரம்மா தன் கூடத்தைத் திறந்துவிடுவார். ஈறு நோய்களைப் பற்றிய படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். மூன்று மூன்றாகச் சேர்த்துப் பிணைத்த இரும்பு நாற்காலிகள், வாய் கொப்பளிக்கும் மருந்தின் வாசனை, மூலையில் ஒரு மீன் தொட்டி. எந்தத் தியேட்டரும் சீண்டாத படங்கள் அங்கே ஓடும். முடிந்ததும் யாரும் கைதட்டக் கூடாது. வயதில் சிறியவர் முதலில் பேச வேண்டும். பிறகு அவருக்கு அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர் என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் எல்லோரிலும் மூத்தவரான பேராசிரியரிடம் வந்து நிற்கும்.

"பெரியவங்க ஆரம்பிச்சா சின்னவங்க வாயே திறக்க மாட்டாங்க. வாயைத் திறக்க வைக்கிறதுதானே என் பொழப்பு" என்பார் டாக்டர்.

பேச விருப்பமில்லாதவர்கள் "அடுத்தவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இரண்டு வருடமாக அங்கே எப்போதும் வயதில் சிறியவள் வாலுதான். ஒருநாள்கூட அவள் "அடுத்தவர்" என்று சொன்னதில்லை.

முதல் தடவை வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. மழையில் ஒரு பெண் தொலைந்துபோன குடையைத் தேடி வீடு வீடாகப் போகிறாள்; இரண்டு மணி நேரம் அவ்வளவுதான் படம். விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் வாலுவையே பார்த்தார்கள்.

"எனக்குப் பசிச்சுது" என்றாள்.

சிரிப்பு கிளம்பியது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "எப்போ பசிக்க ஆரம்பிச்சுது?"

"மூணாவது வீட்டுல அந்த அம்மா ரொட்டி வெட்டினாங்கல்ல, அப்போ. இந்தப் பொண்ணுக்கு ஒரு துண்டு கொடுப்பாங்கன்னு நினைச்சேன். கொடுக்கல. அதுக்கப்புறம் குடை கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்னன்னு ஆயிடுச்சு."

அன்று பேசிய மற்ற எல்லோரும் அந்த ரொட்டியைப் பற்றியே பேசினார்கள்.

அதிலிருந்து அவள் ஒரு வழி வைத்துக்கொண்டாள். படத்துக்கு என்ன அர்த்தம் என்று தேடுவதை விட்டுவிட்டாள்; அந்த வேலைக்குப் பேராசிரியர் இருந்தார். தனக்கு எந்த இடத்தில் என்ன ஆனது என்று மட்டும் சொன்னாள். ஒரு பெண்ணின் பின்தலையை மட்டுமே காட்டிய படத்துக்கு, "கோபம் வந்துச்சு, எழுந்து போய் அவ தோளைப் பிடிச்சுத் திருப்பணும் போல இருந்துச்சு" என்றாள். மறுநாள் வகுப்பில் முன் பெஞ்சுப் பெண்ணின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு, இந்த நேரத்தில் அவள் முகம் என்ன செய்துகொண்டிருக்கும் என்று பாடம் முழுக்க யோசித்தாள். அண்ணன் தம்பி இருவர் ஒரு ஃபிரிட்ஜை ஐந்து மாடி தூக்கிக்கொண்டு ஏறும் படத்தில், தம்பி படிக்கட்டில் உட்கார்ந்து அழும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் சொன்னாள். "தப்புன்னு தெரியுது. ஆனா சிரிச்சேன்."

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் உடனே கையைத் தூக்கினார். "நானும்தாம்மா. இருமற மாதிரி சமாளிச்சுட்டேன்."

பள்ளித் தோழிகளிடம் இதையெல்லாம் விளக்குவது பெரும்பாடு.

"நேத்து என்னடி படம்?"

"ஒருத்தன் ஒரு கதவு முன்னாடி நிக்கிறான். திறக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறான்."

"திறந்தானா?"

"திறந்தான்."

"உள்ள என்ன?"

"படம் முடிஞ்சிருச்சு."

"இதுக்கு உனக்கு பிஸ்கட் வேற கொடுக்கிறாங்களா?"

வாலுவுக்கே சிரிப்பு வரும். அடிதடிப் படங்களும் அவளுக்குப் பிடிக்கும். தோழிகளோடு போய் விசிலும் அடிப்பாள். ஆனால் அந்தப் படங்கள் தியேட்டர் வாசலிலேயே நின்றுவிடும். இந்தக் கோணல்மாணல் படங்கள் வீடுவரை பின்னாலேயே வரும். பல் தேய்க்கும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, சம்பந்தமில்லாமல் வந்து முன்னால் நிற்கும்.

சிக்கல் வேறொன்றில் இருந்தது. சின்னவர்களைப் பேச வைக்க டாக்டர் போட்ட விதி, நாளடைவில் பெரியவர்களை வாலுவின் பின்னால் போக வைத்துவிட்டது. "படத்துல எல்லாரும் யாரோ பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே அழறாங்க" என்று ஒரு படத்தைப் பற்றி அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்காக ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. இன்னொரு படத்துக்கும் அப்படியே ஆனது. அந்த இயக்குநர்களை அவள் பார்த்ததில்லை. அதனால் தூக்கம் கெடவில்லை.

மாமா விஷயம் அப்படியா?

மாமா ஒரு பயிற்சி நிறுவனத்தில் வீடியோ எடிட்டர். ஆசிரியர்கள் கேமரா முன் நடத்தும் பாடங்களிலிருந்து இருமல், தும்மல், "புரிஞ்சுதா", "ம்ம்ம்", அடுத்த வரி மறந்துபோய் மேலே பார்க்கும் நேரம் எல்லாவற்றையும் வெட்டியெடுப்பது அவர் வேலை. ஒரு மணி நேரப் பாடம் அவர் கையிலிருந்து முக்கால் மணி நேரமாக வெளியே வரும்.

"மனுஷன் யோசிக்கிற நேரத்தை வெட்டித்தான் நான் சாப்பிடறேன். என் படத்துல ஒரு நொடியைக்கூட வெட்ட மாட்டேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். ஏழு மாடி வாகன நிறுத்தக் கட்டடம் ஒன்றில் வாட்ச்மேன் ஒருவரின் ஒரு நாள், அதுதான் படம். அந்தக் கட்டடத்தின் உண்மையான வாட்ச்மேனே நடித்திருந்தார். ஒன்றரை வருடம் ஞாயிறுகளில் மாமா கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.

இதற்கிடையில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம் போக வேண்டிய ஊர். பெரிய பதவி, மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சின்னப் படங்களுக்கென்று நடக்கும் ஒரு விழாவுக்குக் குழு வருடத்துக்கு ஒரு படம் அனுப்பும்; வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் போதும். மாமா சாப்பாட்டு மேஜையில் அக்காவிடம் சொன்னார்: "என் படம் விழாவுக்குப் போச்சுன்னா நான் இங்கேயே இருக்கேன்க்கா. போகலன்னா மூட்டையைக் கட்டிடறேன். இனிமே இந்தக் கிறுக்கு வேண்டாம்."

அம்மா தட்டைப் பார்த்தபடி, "அதென்னடா, யாரோ பத்துப் பேர் கையைத் தூக்கினா இருப்பே, இல்லன்னா போவியா?" என்றாள்.

"எனக்கும் வயசு முப்பத்தஞ்சு ஆச்சுக்கா."

வாலுவின் அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் பெரிது. அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். மாமாவும் போய்விட்டால் அந்த வீட்டில் மிச்சம் இருக்கும் சத்தம் குழாய்ச் சத்தம்தான். அவர் போகக் கூடாது. அவள் வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு அவள் முதலில் வாயைத் திறந்து, "நல்லா இருந்துச்சு" என்றால் போதும்.

மார்ச் 9 அன்று கிளம்பும் நேரத்தில் மாமா, கீழ் வீட்டுப் பொடிசையும் செருப்பு மாட்டச் சொன்னார். பொடிசுக்குப் பத்து வயது.

"இவ எதுக்கு மாமா?"

"லீவு நாள், பாவம் சும்மாதானே இருக்கா. வரட்டும்." அவர் வாலுவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் டாக்டர், "அடடே, இன்னிக்கு நம்ம சின்னப்பொண்ணைவிடச் சின்னப்பொண்ணு வந்திருக்கே!" என்றார். அப்போதுதான் வாலுவுக்கு உறைத்தது. மாமா அவளைக் கண்டு பயந்திருக்கிறார். அவள் முதலில் பேசக் கூடாது என்பதற்காக ஒரு ஆளைப் பிடித்து வந்திருக்கிறார்.

நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தவள் அவள்.

படம் ஓடியது. வாட்ச்மேன் கதவைத் திறந்தார். வாட்ச்மேன் முதல் மாடிக்கு நடந்தார். இரண்டாம் மாடிக்கு நடந்தார். டியூப் லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்தது, அதை அவர் பார்த்தார், நாமும் பார்த்தோம், அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். வாலு மாமாவுக்காகக் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டாள். மூன்றாம் மாடியில் மறுநாள் வேதியியல் தேர்வு நினைவுக்கு வந்தது. நான்காம் மாடியில் தூங்கிப்போனாள். விழித்தபோதும் நான்காம் மாடிதான்.

பிறகு அம்மா வந்தாள். வாட்ச்மேனின் மனைவியாக ஒரே ஒரு காட்சியில் அம்மா நடித்திருப்பது வாலுவுக்குத் தெரியும். படப்பிடிப்புக்கு மறுநாள் அவளுக்குப் பரீட்சை, போகவில்லை. மொட்டைமாடித் தளத்தில் அம்மா சாப்பாட்டு டப்பாவை நீட்டி, "சாப்பிட்டுட்டு டப்பாவைக் கழுவி வைங்க" என்று, பள்ளி ஆண்டு விழாவில் பேசுவது போலப் பேசிவிட்டுப் போய்விட்டாள். வாட்ச்மேனும் போய்விட்டார். கேமரா மட்டும் அதே இடத்தில் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில், கார்களுக்கு நடுவே, அம்மா மறுபடி வந்தாள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தம்பிக்காகக் காத்திருக்கும் நடை. ஒரு கருஞ்சிவப்புக் கார் பக்கத்தில் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு முழங்கையைக் காரின் கூரையில் ஊன்றி, மறு கையை இடுப்பில் வைத்து, ஒரு காலை மறு காலுக்கு முன்னால் போட்டு நின்றாள். அந்த நிற்பில் கார் அவளுடையது. கடைக்குள் போன வீட்டு ஆட்கள் இன்னும் வரவில்லை. கடிகாரம் கட்டாத மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, லிஃப்ட் பக்கம் திரும்பி, யாரையோ கடிந்துகொண்டாள். உதடு அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கடிந்துகொண்டே ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் காரின் கூரையை இரண்டு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு விலகி நடந்தாள்.

வாலுவுக்குப் பின்கழுத்து சிலிர்த்தது.

படம் முடிந்தது. விளக்கு வந்தது. பொடிசு எழுந்து நின்று, செய்யுள் ஒப்பிக்கும் குரலில், "படம் நல்லா இருந்துச்சு. ரொம்ப நிதானமா இருந்துச்சு" என்றது. நிதானம் யாருடைய வார்த்தை என்று வாலுவுக்குத் தெரியும்.

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"அவ்வளவுதான் ஆன்ட்டி. பிஸ்கட் எப்போ தருவீங்க?"

கூடம் கலகலத்தது. எல்லோர் முகத்திலும் ஒரு இளக்கம். இந்த இளக்கத்தோடு மேலே ஏறிப் போனால் கை தானாகவே தூக்கப்படும். மாமா கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வாலு. "அடுத்தவர்" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமாவின் கால் நின்றுவிட்டது. அந்தப் பயத்தைப் பார்த்ததும் அவளுக்கு ரோஷம் வந்தது. பொய் சொல்லப் போகிறவளைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்?

"மொதல்ல மாமா படம்னு பார்த்தேன். அப்புறம் கெமிஸ்ட்ரியை நினைச்சேன். நாலாவது மாடியில தூங்கிட்டேன்" என்றாள்.

"நீ மட்டுமா?" என்றார் டிரைவிங் மாஸ்டர்.

"மாஸ்டர், உங்க முறை வரட்டும்" என்றார் டாக்டர்.

"ஆனா அந்தக் கார்கிட்ட ஒருத்தங்க நிக்கிறாங்கல்ல. அது எங்க அம்மா. அது அம்மான்னே எனக்கு மறந்துபோச்சு. யார் இவங்க, யாருக்காகக் காத்திருக்காங்க, யாரைத் திட்டறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. பின்கழுத்துல முடியெல்லாம் நின்னுடுச்சு. இங்கே பார்த்த எந்தப் படத்துலயும் எனக்கு அப்படி ஆனதில்ல." உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு பேசிய எல்லோரும் அந்தக் காரையே சுற்றினார்கள். பேராசிரியர் தன் முறை வந்ததும், "மீதியெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்கான வாடகை" என்றார். டாக்டர் அன்று வாக்கெடுப்பு வைக்கவில்லை. "தம்பி, படத்தைச் சின்னதா வெட்டுங்க. அந்தக் காட்சியை நடுவுல வைங்க. அடுத்த திரையிடல்ல இன்னொரு தடவை பார்த்துட்டுக் கை தூக்கலாம். எனக்கென்னவோ தூக்குவாங்கன்னுதான் தோணுது."

திரும்பி நடக்கும்போது நடுவில் பொடிசு பிஸ்கட் தின்றுகொண்டு வந்தது.

"நீ பேசாம உட்கார்ந்திருக்கலாம்" என்றார் மாமா.

"நீங்க இவளைக் கூட்டிட்டு வராம இருந்திருக்கலாம்."

"நான் நல்லாத்தானே சொன்னேன்?" என்றது பொடிசு.

தெருமுனை திரும்பினார்கள். பிறகு மாமா, "அது நான் எடுத்ததே இல்ல, வாலு. கேமராவை நிறுத்த மறந்துட்டேன். மத்த மாடியில லைட்டை அணைச்சுடாதீங்கன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்ல ஓடிட்டேன். எடிட் பண்றப்பத்தான் பார்த்தேன். எதையும் வெட்டறதில்லன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சே, அதான் அப்படியே விட்டேன்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். "ஒன்றரை வருஷம் நான் பார்த்துப் பார்த்து எடுத்தது ஒண்ணும் உனக்கு ஆகல. மறந்தது மட்டும் ஆகியிருக்கு."

"அதனால என்ன மாமா? படம் போகப் போகுது. நீங்க இருக்கப் போறீங்க."

அவருக்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

வீட்டில் அம்மா அந்த வாரத்துக்கான வெள்ளை மேலங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாலு செருப்பைக் கழற்றுவதற்குள், "அம்மா! எல்லாரும் உன்னைப் பத்தியேதான் பேசினாங்க!" என்று கத்தினாள்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவா? டப்பாவைக் கழுவி வைங்கன்னு சொன்னேனே, அது நல்லா வந்திருக்கா? நாலு தடவை சொல்ல வெச்சான் இவன்."

"அது இல்லம்மா, அதுக்கப்புறம்."

"அப்புறம் என்ன? அப்புறம் நான்தான் வரவே இல்லையே."

மாமா மடிக்கணினியைத் திறந்து இஸ்திரி மேஜையின் மேல் வைத்தார். அம்மா குனிந்து பார்த்தாள். கார் பக்கத்தில் போய் அவள் நிற்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கையை ஊன்றும் இடத்தில் சிரிப்பு நின்றது. உதடு அசையும் இடத்தில் கையை நீட்டி, "நிறுத்துடா" என்றாள்.

நிறுத்தினார்.

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

"பதிமூணு பேர்" என்றாள் வாலு. "பொடிசைச் சேர்த்து."

"பொடிசுமா?" அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். "அதை எடுத்துடு."

"அக்கா, எல்லாருக்கும் பிடிச்சதே—"

"எடுத்துடுன்னேன்."

வாலுவுக்குப் புரியவில்லை. "அம்மா, அதுல நீ எவ்வளவு அழகா இருக்கே தெரியுமா? தப்பா ஒண்ணுமே இல்லையே. கார் பக்கத்துல நிக்கிறே, அவ்வளவுதான்."

"நான் அங்கே யார்கிட்ட பேசிட்டு இருந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"யார்கிட்ட?"

"தெரியாதில்ல? தெரிய வேண்டாம்." அம்மா மேலங்கியை மடித்தாள். குரலில் கோபம் இல்லை. "சாப்பாடு கொடுக்கிற மாதிரி நடின்னான், நடிச்சேன். அதை ஊரே பார்க்கட்டும், சிரிக்கட்டும், எனக்கொண்ணும் இல்ல. இது நான் நடிச்சது இல்ல. இது என்னோடது."

"அது இல்லன்னா படம் போகாது. படம் போகலன்னா மாமா போயிடுவார்."

அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தார்.

"அவன் போனா உன்னைவிட எனக்குத்தான்டி கஷ்டம். அவனுக்கு ஒன்பது வயசுலேருந்து நான் தலை சீவிவிட்டிருக்கேன். அது வேற. இது வேற."

வாலு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் அம்மாமேல்தான் ஆத்திரம். ஒரு நிமிடக் காட்சி. முகம்கூடச் சரியாகத் தெரியாத தூரம். இதற்கா இவ்வளவு பிடிவாதம்? பிறகு, கூடத்தில் தான் எழுந்து நின்று பேசியது நினைவுக்கு வந்தது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து அழுகிறவர்களை அவள் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நின்றவளை, அது எங்க அம்மா என்று பெயர் சொல்லாத குறையாகக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பின்தலைப் படத்தில் தோளைப் பிடித்துத் திருப்ப நினைத்தவளும் அவள்தான். அந்தப் பெண் திரும்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போதுதான் தோன்றியது. கோபம் போகவில்லை. ஆனால் அதை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் மாலை மாமா காட்சியைப் படத்திலிருந்து எடுத்தார். கேமராவிலிருந்த மூலப் பதிவையும் அழிக்கச் சொல்லி அம்மா பக்கத்தில் நின்றாள். "நிச்சயமா அழிக்கவா?" என்று திரை கேட்டது. மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா அவர் தோளில் கையை வைத்துத் தலையாட்டினாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றை வெட்டிய பிறகு மற்றதை வெட்டுவது அவருக்குச் சுலபமாகிவிட்டது போலும். அந்த இரண்டு வாரமும் வேலையிலிருந்து வந்ததும் உட்கார்ந்தார். இரண்டாம் மாடி போனது. நான்காம் மாடி மொத்தமாகப் போனது. வாலு பின்னால் நின்று பார்த்தாள். ஒருமுறை மட்டும் டியூப் லைட் காட்சியில் அவர் கை தயங்கியபோது, "அது இருக்கட்டும் மாமா, பாதியா" என்றாள். பாதியாக்கினார். படம் முப்பத்தோரு நிமிடத்துக்கு வந்தது.

மார்ச் 23 அன்று பொடிசு வர மறுத்துவிட்டது. "அந்த வாட்ச்மேன் தாத்தா படமா? நான் வரல. டிவியில கார்ட்டூன் இருக்கு." மாமா வற்புறுத்தவில்லை.

அன்று இரண்டு படங்கள். முதலில் கல்லூரி மாணவர் ஒருவர் எடுத்த பதினான்கு நிமிடப் படம். ஒரு பையன் தன் தாத்தாவின் பல்செட்டைப் பேருந்தில் தொலைத்துவிட்டுத் தேடுவது. டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாலுவும் சிரித்தாள், சிரித்ததாகவே சொன்னாள். அடுத்து மாமா படம்.

விளக்கு வந்ததும் வாலு எழுந்தாள். மாமா இந்த முறை நேராக அவளைப் பார்த்தார்.

"தூக்கம் வரல" என்றாள். "வாட்ச்மேன் கார் கண்ணாடியில பார்த்துத் தலை சீவறார்ல, அப்போ சிரிப்பு வந்துச்சு. போன தடவை அது என் கண்ணுலயே படல. கடைசியில அவர் எல்லா மாடியிலயும் லைட்டை அணைச்சுட்டு வர்றப்போ, சீக்கிரம் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லணும் போல இருந்துச்சு." மாமாவைப் பார்த்தாள். "ஆனா போன தடவை பின்கழுத்துல ஒண்ணு ஆச்சே, அது இந்தத் தடவை ஆகல."

பேராசிரியரால் தன் முறைவரை பொறுக்க முடியவில்லை. "தம்பி, அந்தக் கார்க் காட்சி எங்கே?"

"எடுத்துட்டேன் சார்."

"எடுத்துட்டீங்களா? படமே அதுதானே?"

மாமா பதில் தேடுவதற்குள் வாலு சொன்னாள்: "அது எங்க அம்மாவோடது சார். வேண்டாம்னுட்டாங்க."

"கலைன்னு வந்துட்டா இதையெல்லாம் பார்க்க முடியுமாம்மா? அப்படிப் பார்த்தா உலகத்துல—"

"சார்," என்றார் டிரைவிங் மாஸ்டர், "நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உங்களுக்குள்ளயே பாட்டுப் பாடுவீங்க. உங்களுக்கு வண்டி கத்துக்கொடுக்கிறப்ப நான் கேட்டிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமை இங்கே போட்டுடலாமா?"

சிரிப்பு அடங்கப் பல நொடிகள் ஆயின. பேராசிரியரும் சேர்ந்து சிரித்தார்.

டாக்டர், "அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான். இப்போ நம்ம முன்னாடி இருக்கிற படத்துக்குக் கை தூக்குங்க" என்றார்.

வாலு கையைத் தூக்கினாள். படத்துக்காகவா மாமாவுக்காகவா என்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. டிரைவிங் மாஸ்டர் தூக்கினார். மருந்துக்கடைக்காரர் தூக்கினார். பேராசிரியர் யோசித்து, பாதி தூக்கி, இறக்கிவிட்டார். டாக்டர் தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். பாதிப் பேர் தேறவில்லை. மாமாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்றார்.

"பரவாயில்ல டாக்டர்" என்றார் மாமா. நாற்காலிகளை வரிசைப்படுத்த உதவினார்.

விழாவுக்குப் பல்செட் படம் அனுப்பப்பட்டது. மாமா மார்ச் 31 அன்று நிறுவனத்துக்குச் சம்மதம் தெரிவித்தார். ஏப்ரல் 7, திங்கட்கிழமை, தலைமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.